பூச்சியும் ஒட்டுக்கத்தியும்: ஆரஞ்சுத் தோட்டங்களின் மஞ்சள் நோய் வரலாறு

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ் ஆகியவை அடங்கிய சிட்ரஸ் இனப் பயிர்களைத் தாக்கும் நோய்களுள் இன்று மிகுந்த அழிவைச் செய்வது, சீனப் பெயரால் ஹுவாங்லாங்பிங் என்றும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பெயரால் கிரீனிங் என்றும், தமிழில் பச்சையாதல் நோய் என்றும் எழுதப்படும் நோயாகும். நோய் கண்ட மரத்தில் முதலில் ஒரு கிளை மட்டும் வெளிறி மஞ்சளாகும். மற்றக் கிளைகள் பசுமை குறையாமல் நிற்கும். மஞ்சளான கிளையின் இலையொன்றை நடுநரம்பை ஒட்டி மடித்துப் பார்த்தால், இருபுறத்துத் திட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. துத்தநாகக் குறைவால் வரும் மஞ்சளில் அவை பெரும்பாலும் பொருந்திவிடும் என்பதால், தோட்டத்தில் நின்றபடியே இரண்டையும் பிரித்தறிய இந்தச் சோதனை உதவுகிறது. காய்கள் சிறுத்து ஒருபக்கம் கோணுகின்றன. நல்ல பழம் காம்புக்கு எதிர்முனையிலிருந்து நிறம் பிடித்து மேலேறும் என்றால், நோய்ப்பழம் காம்புப் பக்கத்தில் நிறம் மாறி, அடிமுனையில் பச்சையாகவே நின்றுவிடுகிறது. உள்ளே விதைகள் கருகிச் சுருங்கியிருக்கும், சாறு கசக்கும், பழுப்பதற்கு முன்பே பழம் உதிரும். சில ஆண்டுகளில் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து, மரம் பயனற்றுப் போகிறது. நோய் வந்த மரத்தை மீட்கும் நிலையான சிகிச்சை எதுவும் இன்றுவரை இல்லை.

இந்நோயைப் பரப்புவது சில்லிட் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி என்பதும், நோய்க்குக் காரணம் அப்பூச்சியின் உடலில் தங்கிப் பெருகும் பாக்டீரியா என்பதும் இப்போது பாடநூல் செய்திகள். ஆயினும் இந்த இரண்டு செய்திகளும் ஒன்றாக இணைக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்குள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல தோட்டப் பகுதிகள் அழிந்திருந்தன. இந்த வரலாற்றைப் பூச்சியின் வரலாறாக மட்டுமே எழுதிவிடும் வழக்கமும் உண்டு. அது பாதி வரலாறுதான். தோட்டத்துக்குள் மரம் விட்டு மரம் நோயைச் சுமந்தது பூச்சி. மாவட்டம் விட்டு மாவட்டத்துக்கும் கடல் தாண்டியும் அதைச் சுமந்தவை, மனிதர் வெட்டி, கட்டி, விற்று, வாங்கிய ஒட்டுக்குச்சிகளும் பதியன்களும் தொட்டிச் செடிகளும் ஆகும்.

ஆசிய சிட்ரஸ் சில்லிட் எனப்படும் இப்பூச்சியை 1908ஆம் ஆண்டில், அப்போது ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த தைவானில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, குவயாமா என்ற ஜப்பானியப் பூச்சியியலாளர் டயபோரினா சிட்ரி என்று பெயரிட்டு விவரித்தார். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் உறவான இது, 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே உடையது. இறக்கைகளில் பழுப்புத் திட்டுகள் உண்டு. இலையிலோ தண்டிலோ அமர்ந்து சாறு உறிஞ்சும்போது, தலையைத் தாழ்த்திப் பின்பகுதியை ஏறக்குறைய 45 பாகை உயர்த்தி நிற்கும் நிலை அதற்கே உரியது. அந்த நிலையைக் கண்டவர் வேறெந்தப் பூச்சியோடும் அதைக் குழப்பமாட்டார். பெண் பூச்சி, இன்னும் விரியாத இளந்துளிரின் மடிப்புகளுக்குள் மட்டுமே முட்டையிடுகிறது. தன் வாழ்நாளில் 800 முட்டைகள் வரை இடவல்ல அது, துளிர் இல்லாத காலத்தில் முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளங்குஞ்சுகள் ஐந்து பருவங்களைக் கடந்து வளர்கின்றன. அவை கழிவாக வெளியேற்றும் மெழுகு, வெள்ளை இழைகளாகச் சுருண்டு துளிரில் தொங்கும். தோட்டக்காரர் கண்ணில் முதலில் படுவது பூச்சியன்று, இந்த வெள்ளை இழைகளே. எனவே மரம் துளிர்விடும் காலமே பூச்சி பெருகும் காலமாகவும், அதனாலேயே நோய் பரவும் காலமாகவும் அமைகிறது. தண்ணீர் பாய்ச்சியும் உரமிட்டும் கவாத்துச் செய்தும் அடிக்கடி துளிர்விடச் செய்கிற தோட்டங்கள், அறியாமலே பூச்சிக்கும் சாகுபடி செய்கின்றன.

இப்பூச்சியைப் பற்றிய முதல் விரிவான ஆய்வு, பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், கால்வாய்ப் பாசனத்தால் புதிதாக எழுந்த லயால்பூரில் நடந்தது. அங்கிருந்த வேளாண் கல்லூரியைச் சார்ந்து பணியாற்றிய ஹுசைனும் நாத்தும் 1927இல் வெளியிட்ட ஆய்வேடு, பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நுணுக்கமாகப் பதிவு செய்ததோடு, அது பெருகிய இடங்களில் சிட்ரஸ் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து, பழம் சுவை கெட்டு, தோட்டமே அழிந்ததையும் கூறியது. பூச்சி உறிஞ்சும்போது உட்செலுத்தும் நஞ்சே அந்த அழிவுக்குக் காரணம் என்பது அவர்களது விளக்கம். பின்னாளில் நோயின் குறிகள் தெளிவானபோது, அவர்கள் வருணித்த அழிவு பூச்சியின் வேலை மட்டுமன்று, அது சுமந்துவந்த நோயின் வேலையாகவும் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். பூச்சியையும் அழிவையும் ஒருங்கே கண்டும் இடையிலிருந்த மூன்றாவது உயிரை அவர்களால் காண முடியாமற்போனதற்கு அவர்களைக் குறை கூற இயலாது. அக்காலக் கருவிகளுக்கு எட்டாத இடத்தில் அது இருந்தது. தாவரங்களில் பூச்சி பரப்பும் நோய்கள் பற்றிய அறிவும் அப்போது தொடக்க நிலையில்தான் இருந்தது. நோயின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமே என்று சில ஆய்வாளர்கள் கருதுவதற்கு இத்தகைய பழைய பதிவுகள் ஓர் ஆதாரம். ஆப்பிரிக்காவில் தோன்றி இந்தியாவுக்கு வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

தென்சீனத்தின் கதை வேறு வகையில் விரிந்தது. 1919இல் ரெய்ன்கிங் என்ற அமெரிக்கத் தாவர நோயியலாளர், தென்சீனப் பயிர்களின் நோய்களைப் பட்டியலிடும்போது, சிட்ரஸ் மரங்களில் தோன்றும் மஞ்சள் கிளை நோயையும் குறிப்பிட்டார். அதற்கு அவர் பெரிய முக்கியத்துவம் தரவில்லை. குவாங்டோங் மாகாணத்தின் கிழக்குக் கரையிலுள்ள சாவ்ஷான் பகுதி, மாண்டரின் ஆரஞ்சுக்குப் பெயர்பெற்றது. அங்கு 1930களின் நடுவில் நோய் கடுமையாகி, தோட்டங்கள் வரிசையாக வீழ்ந்தன. நீர் தேங்குவதால் வேர் அழுகுகிறது என்றார் ஒருவர், நூற்புழு என்றார் இன்னொருவர், மண்ணிலுள்ள பூசணம் என்றார் மூன்றாமவர். 1941இல் இச்சிக்கலை எடுத்துக்கொண்ட லின் கோங்ஷியாங் என்ற நோயியலாளர், போர்க்காலத் தடங்கல்களுக்கிடையிலும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அதைத் தொடர்ந்தார். அவர் ஆய்வுக்கூடத்தில் மட்டும் தேடவில்லை. தோட்டம் தோட்டமாகச் சென்று முதிய விவசாயிகளிடம் நோய் எப்போது வந்தது, எந்த ஊரிலிருந்து வாங்கிய நாற்றில் முதலில் தெரிந்தது என்று கேட்டறிந்தார். நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்கு இருந்தது என்பதும், நாற்றுகளோடு சேர்ந்தே பிற பகுதிகளுக்குப் போனது என்பதும் அந்த விசாரணையில் தெளிந்தன.

லின் செய்த தீர்மானமான சோதனை எளிமையானது. நோயுள்ள மரத்தின் மொட்டை எடுத்து, ஆரோக்கியமான நாற்றில் ஒட்டுக்கட்டினார்; நாற்று நோயுற்றது. நல்ல மரத்தின் மொட்டை ஒட்டிய நாற்றுகள் நலமாக இருந்தன. மண்ணும் நீரும் இரண்டுக்கும் ஒன்றே. தொற்றக்கூடிய ஏதோ ஒன்று மரத்தின் உயிர்த்திசுவில் உள்ளது என்பதை இதனால் நிறுவிய அவருடைய முடிவுகள் 1956இல் வெளிவந்தன. அவை சீனத்துக்கு வெளியே நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. அரசியல் காரணமாக அறிவியல் உலகங்கள் பிரிந்து கிடந்ததும், ஒவ்வொரு நாடும் தன் நோயைத் தனக்கே உரியது என்று நம்பியதும் அதற்குக் காரணங்கள். அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியாகவே, 1995இல் சீனத்தின் பூஜோ நகரில் கூடிய சிட்ரஸ் நோயியலாளர்களின் பன்னாட்டு மாநாடு, ஹுவாங்லாங்பிங் என்ற சீனப் பெயரையே நோயின் பொதுப் பெயராக ஏற்றது.

அந்த நம்பிக்கையால் விளைந்த குழப்பத்துக்குத் தென்னாப்பிரிக்கா நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1920களின் இறுதியில், டிரான்ஸ்வால் மாகாணத்தின் மேற்குப் பகுதியில் மஞ்சள் கிளை என்றும் கிழக்கில் கிரீனிங் என்றும் இருவேறு பெயர்களில் நோய் அறியப்பட்டது. 1937இல் வெளியான ஒரு கட்டுரை, மண்ணில் மிகுந்துள்ள குரோமியமும் மாங்கனீசும் காரணமாக இருக்கக்கூடுமா என்று ஆராய்ந்தது. நோய் ஒரு தோட்டத்தில் திட்டுத்திட்டாகத் தோன்றியது மண்ணின் கோளாறு போலவே காட்டியதால், அந்த எண்ணம் எளிதில் ஒதுக்கப்படவில்லை. 1965இல் மக்ளீன், ஓபர்ஹோல்சர் என்ற இருவர், நோய் ஒட்டின் மூலம் தொற்றுவதையும், அங்குள்ள சில்லிட் பூச்சியே அதைப் பரப்புவதையும் நிறுவினர். நோயையும் பூச்சியையும் சோதனையால் இணைத்த முதல் சான்று இதுவே. ஆனால் ஆப்பிரிக்கப் பூச்சி டிரையோசா எரிட்ரியே என்ற வேறொரு சில்லிட். ஆப்பிரிக்க நோயும் குளிர்ந்த மேட்டுநிலங்களில்தான் கடுமை காட்டும், வெப்பம் மிகுந்தால் அடங்கும். ஆசிய நோயோ வெப்பத்தையும் தாங்கி நிற்கும். இரண்டும் உறவினவே, ஒன்றல்ல என்பது தெளிவாக இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

பிலிப்பைன்ஸில் 1920களில் இலைத் திட்டு நோய் துத்தநாகக் குறைவாகவே கருதப்பட்டது; 1960களில் அது பெருந்தொற்றாகி, அந்நாட்டின் சிட்ரஸ் பரப்பில் பாதிக்கும் மேற்பட்டதை அழித்தது. தைவானில் அதற்கு லிகுபின் என்று பெயர். இந்தோனேசியாவில் அதை நரம்புத் திசுச் சிதைவு என்றனர். இவை அனைத்தும் ஒரே நோய் என்று அறிய எவராவது எல்லா நாட்டுத் தோட்டங்களையும் நடந்து பார்க்க வேண்டியிருந்தது. 1960களில் அந்த வேலையைச் செய்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய நோயியலாளர் லிலியன் பிரேசர். இந்தியாவில் நாடெங்கும் சிட்ரஸ் தோட்டங்களை நலிவித்த நுனிக்காய்ச்சலுக்கு, மண்ணில் சுண்ணாம்பு மிகுதி, ஊட்டச்சத்துக் குறை, வேர்ச்செடிப் பொருத்தமின்மை, அசுவினி பரப்பும் டிரிஸ்டெசா வைரஸ் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டு வந்தன. பிரேசரும் இந்திய ஆய்வாளர்களான சிங், கபூர், நாரியானி ஆகியோரும் 1966இல் எழுதிய கட்டுரை, அந்த நலிவின் முதன்மைக் காரணம் கிரீனிங் நோயே என்று வாதிட்டது. அடுத்த ஆண்டிலேயே கபூர், ராவ், விஸ்வநாத் ஆகிய மூவர், டயபோரினா சிட்ரி இந்நோயைப் பரப்புவதைச் சோதனையால் காட்டினர். அதே 1967இல் பிலிப்பைன்ஸில் மார்ட்டினெஸ், வாலஸ் இருவரும் அதே முடிவுக்கு வந்தனர். லயால்பூர் ஆய்வேடு வெளிவந்து சரியாக நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதுவரை எல்லோரும் நோய்க்காரணியை வைரஸ் என்றே எழுதினர். டிரிஸ்டெசா நோய், தென் அமெரிக்காவில் கோடிக்கணக்கான மரங்களை அழித்து, 1946இல் பிரேசிலில் அசுவினி பரப்பும் வைரஸ் என்று நிறுவப்பட்டிருந்ததால், சிட்ரஸ் மரம் ஒட்டின் மூலமோ பூச்சியின் மூலமோ நோயுற்றால் வைரஸ் என்பதே அக்காலத்தின் இயல்பான முடிவாயிற்று. 1970இல் பிரான்சின் லஃப்லேஷும் போவேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், நோயுற்ற மரத்தின் ஃபுளோயம் திசுவுக்குள், அதாவது இலையில் உருவாகும் சர்க்கரையை மரத்தின் மற்ற உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும் சல்லடைக் குழாய்களுக்குள், வைரஸைவிடப் பன்மடங்கு பெரிய உயிரணுக்களைக் கண்டனர். முதலில் செல்சுவரற்ற மைக்கோபிளாஸ்மா வகை என்று அவை கருதப்பட்டன. அவற்றின் உறை அதற்குரிய தடிமனைவிட மிகுதியாக இருந்ததும், அவை பெனிசிலினுக்கு அடங்கியதும், செல்சுவருடைய உண்மையான பாக்டீரியா என்பதைக் காட்டின. போர்தோ நகரில் ஜோசப்-மரி போவேயும் மோனிக் கார்னியேவும் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1994இல் மரபணு வரிசையைக் கொண்டு, ஆசிய, ஆப்பிரிக்க வகைகள் ஒரே பேரினத்தின் இருவேறு இனங்கள் என்று அவர்கள் குழு நிறுவியது. அப்பேரினம் இன்று லிபெரிபாக்டர் எனப்படுகிறது. அந்தப் பெயருக்கு முன் 'கேண்டிடேட்டஸ்' என்ற சொல்லை இடுவது இன்றும் வழக்கம். தனி வளர்ப்பாக நிலையாக வளர்த்து முழுமையாக விவரிக்க முடியாத பாக்டீரியாவின் பெயருக்கு முன்னே வரும் அடைமொழி அது. கண்ணாடித் தட்டில் வளர்த்து, நல்ல மரத்தில் செலுத்தி, நோய் வரச்செய்து காட்டும் மரபுவழிச் சான்று, உலகின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சாய்த்த இந்நோய்க்கு முழுமையாகக் கிட்டவில்லை.

பூச்சி நோயைப் பரப்பும் முறையில், அதன் வெற்றியை விளக்கும் மூன்று கூறுகள் உள்ளன. நோயுற்ற துளிரில் வளரும் இளங்குஞ்சு பாக்டீரியாவை உட்கொள்கிறது. அது குடற்சுவரைக் கடந்து உடல் முழுதும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, பூச்சி வளர்ந்து பறக்கும்போது அதனுடனே செல்கிறது. அதன்பின் பூச்சி சாகும்வரை நோய் கடத்தியாகவே இருக்கிறது. வளர்ந்த பின் நோயைப் பெற்ற பூச்சியைவிட, குஞ்சுப் பருவத்தில் பெற்ற பூச்சியே வல்லமையுடன் பரப்புகிறது. அடுத்து, நோய் தொற்றிய மரம் தன் குறிகளைக் காட்டப் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அதன் துளிர்களில் பிறந்த பூச்சிகள் நோயுடன் பறந்துவிடுகின்றன. மஞ்சளான மரத்தை மட்டும் வெட்டுபவர் எப்போதும் பின்தங்கியே இருப்பதற்கு இதுவே காரணம். மூன்றாவது கூறு வியப்புக்குரியது: நோயுற்ற மரம் வெளியிடும் வாசனைச் சேர்மங்கள் பூச்சியை ஈர்க்கின்றன, வந்து சாறு உறிஞ்சிய பூச்சி, சத்துக் குறைந்த அம்மரத்தில் நிலைக்காமல் நல்ல மரத்தை நாடிச் செல்கிறது. அழைப்பதும் நோயை ஏற்றி அனுப்புவதும் ஒரே மரம்; பாக்டீரியாவுக்கு இதைவிடச் சாதகமாக எதுவும் அமைந்திருக்க முடியாது.

பூச்சி மட்டும் இருந்தால் நோய் இல்லை என்பதற்குப் பிரேசில் சான்று. அங்கு டயபோரினா சிட்ரி 1940களிலேயே பதிவாகியிருந்தது; அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது சிறு தொல்லையாகவே இருந்தது. உலகின் மிகப் பெரிய ஆரஞ்சுச் சாறு ஏற்றுமதிப் பகுதியான சாவ் பாவ்லோ மாநிலத்தில் 2004இல் நோய் கண்டறியப்பட்டபோது, அதைப் பரப்பத் தேவையான பூச்சிப்படை ஏற்கனவே எல்லாத் தோட்டங்களிலும் குடியிருந்தது. முதலில் அங்கு மிகுதியாகக் காணப்பட்டது அதுவரை அறியப்படாத மூன்றாம் இனம். அதற்கு அமெரிக்கானஸ் என்று பெயரிட்டனர். பின்னர் ஆசிய இனம் அதை முந்திக்கொண்டது. பிரேசில் தோட்ட உரிமையாளர்கள் நோய்மரங்களை வேரோடு பிடுங்குவதையும், நாற்றுகளை வலைக்கூடங்களுக்குள் மட்டுமே வளர்ப்பதையும், அக்கம்பக்கத் தோட்டங்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் மருந்தடிப்பதையும் கடைப்பிடித்து நோயை நெடுங்காலம் தாமதப்படுத்தினர். அப்படியும் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாவ் பாவ்லோவும் அதை ஒட்டிய மினாஸ் ஜெராய்ஸ் பகுதியும் அடங்கிய சிட்ரஸ் பட்டையில் 44 சதவீதத்துக்கு மேற்பட்ட மரங்கள் நோயுற்றிருந்தன.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் பெற்ற எச்சரிக்கைக் காலம் ஏழாண்டுகள், அது வீணானது. 1998 ஜூனில் பாம் பீச் மாவட்டத்தில் பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. 2000 செப்டம்பருக்குள் 31 மாவட்டங்களுக்குப் பரவியது. இந்த வேகம் இறக்கையின் வேகமன்று. கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவான, மணமுள்ள வெள்ளைப் பூக்களுக்காக வீட்டு வேலிகளில் வளர்க்கப்படும் ஆரஞ்சு ஜாஸ்மின் என்ற செடியில் இப்பூச்சி விரும்பி வாழும். அச்செடிகளைத் தெற்குப் புளோரிடா நாற்றுப் பண்ணைகள் தொட்டிகளில் வளர்த்து, லாரிகளில் ஏற்றி, மாநிலமெங்குமுள்ள மலிவு விலைக் கடைகளுக்கு அனுப்பின. செடியுடன் பூச்சியும் சென்றது. 2001இல் டெக்சாஸ் மாநிலத்துக்கும் இவ்வகைத் தொட்டிச் செடிகளின் வழியாகவே அது சென்றது. அக்காலத்தில் புளோரிடாவின் அரசு எந்திரம் முழுவதும் வேறொரு பாக்டீரியா நோயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சொறி நோய் எனப்படும் அது, மழைத்துளியாலும் காற்றாலும் பரவுவது. நோய்மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் நின்ற மரங்களையெல்லாம், வீட்டுக் கொல்லை மரங்கள் உட்பட வெட்டியெறியும் திட்டம் வழக்குகளையும் மக்களின் கசப்பையும் ஈட்டியது. 2004, 2005ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் சொறி நோயை அடங்காத அளவுக்குப் பரப்பிவிட, 2006 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2005 ஆகஸ்டில், மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் ஹுவாங்லாங்பிங் கண்டறியப்பட்டிருந்தது. தேடிப் பார்த்தபோது, அது ஏற்கனவே பல மாவட்டங்களில் வேரூன்றியிருந்தது. 2003-04 பருவத்தில் 24.2 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், ஒரு பெட்டி என்பது ஏறக்குறைய 41 கிலோ, 2022-23 பருவத்தில் 1.6 கோடிப் பெட்டிக்கும் குறைவாகவே விளைந்தது. அந்தப் பருவத்தில் வீசிய இயன் சூறாவளியும் இழப்பில் பங்கேற்றது. ஆயினும் இரு எண்களுக்கிடையிலான தூரத்தில் பெரும்பகுதி இந்நோயினுடையது.

தமிழ்நாட்டுச் சமையலறைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. கறிவேப்பிலை இப்பூச்சிக்கு மிகவும் உகந்த உணவு. பாக்டீரியா அதில் தங்கிப் பெருகுவதாகச் சோதனைகள் காட்டவில்லை என்றாலும், நோயுடைய பூச்சி அதன் துளிரில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். அதனாலேயே பயணிகள் தம் பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவருவதை அமெரிக்கா தடுக்கிறது. அந்நாட்டில் குடியேறிய தமிழர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிகளை வேறு மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதற்கும் பல இடங்களில் தனிமைப்படுத்தல் விதிகள் உள்ளன. கீழ்ப்பழனி மலைப்பகுதிகளில் காப்பித் தோட்டங்களுக்கிடையே ஒருகாலத்தில் செழித்திருந்த கமலா ஆரஞ்சும், கர்நாடகத்தின் குடகு ஆரஞ்சும் நலிந்ததில் இந்நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. வேர் அழுகல், நூற்புழு, பராமரிப்புக் குறைவு ஆகியவையும் சேர்ந்தே அங்கு வேலை செய்தன என்பதால், பழி முழுவதையும் பூச்சியின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. அதே கீழ்ப்பழனியில் விருப்பாச்சி மலைவாழையைச் சாய்த்த முடிக்கொத்து நோயும் அசுவினி என்னும் இன்னொரு சாறுறிஞ்சி பரப்பியதே; அது பாக்டீரியா அன்று, வைரஸ். ஒரே மலைச்சரிவின் இரண்டு பெயர்பெற்ற பழங்களை இரண்டு சிறு பூச்சிகள் அடுத்தடுத்து நலிவித்தன.

பூச்சியை அடக்கும் முயற்சிகளில் வரலாற்றுச் சுவை மிக்கது ஒட்டுண்ணிக் குளவியின் கதை. டமரிக்ஸியா ரேடியேட்டா என்ற, கொசுவைவிடச் சிறிய குளவி, சில்லிட் குஞ்சின் அடிவயிற்றில் முட்டையிடும். பிறக்கும் புழு குஞ்சை அடியிலிருந்து தின்று, அதன் காய்ந்த தோலையே கூடாக்கிக்கொண்டு, துளையிட்டு வெளியேறும். இக்குளவி 1922இல் விவரிக்கப்பட்டது, அதே லயால்பூர் மாதிரிகளைக் கொண்டுதான். 1970களின் இறுதியில் அது இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்கச் சில்லிட்கள் இரண்டும் இரு நோய்களும் ஒருங்கே இருந்த அத்தீவில், ஆப்பிரிக்கப் பூச்சிக்கெதிராகக் கொண்டுவந்த இன்னொரு குளவியுடன் சேர்ந்து அது பூச்சிகளைப் பெரிதும் அடக்கியது. குளவியையே தின்னும் எதிரிகள் அத்தீவில் இல்லாதது அந்த வெற்றிக்கு உதவியது. புளோரிடாவில் விடப்பட்டபோது அத்தகைய பலன் கிட்டவில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் விடுவித்த குளவிகளைப் பாகிஸ்தான் பஞ்சாபின் பைசலாபாத்திலிருந்து கொண்டுவந்தனர். பைசலாபாத் என்பது லயால்பூரின் இன்றைய பெயர்.

வியட்நாமின் மீகாங் கழிமுகப் பகுதியில், கொய்யாவுடன் ஊடுபயிராக வளர்த்த சிட்ரஸ் தோட்டங்களில் பூச்சி குறைவாக இருப்பதை விவசாயிகள் கண்டனர். கொய்யா இலையிலிருந்து வெளியாகும் கந்தகச் சேர்மங்கள் பூச்சியை விலக்குகின்றன என்ற விளக்கம் பின்னர் வந்தது. வேறு நாடுகளில் அதே முறை அதே அளவுக்குப் பயன்தரவில்லை. சீனத்தில் லின் காலத்திலிருந்தே வலியுறுத்தப்பட்ட மூன்று வேலைகள், அதாவது நோயற்ற நாற்றை நடுதல், நோய்மரத்தை உடனே அகற்றுதல், பூச்சியை அடக்குதல் ஆகியவை, இன்றைய பரிந்துரைகளுக்கும் அடிப்படை. இவற்றுள் முதலாவதை அரசும் நாற்றுப் பண்ணைகளும் செய்யலாம், மற்ற இரண்டையும் ஓர் ஊரின் எல்லாத் தோட்டக்காரர்களும் சேர்ந்துதான் செய்ய முடியும். நாக்பூரிலுள்ள சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனம், தளிர்நுனியின் மிகச்சிறு துண்டை மட்டும் ஒட்டுக்கட்டி நோயற்ற தாய்மரங்களை உருவாக்குகிறது. ஆனால் அத்தகைய நாற்றின் விலையையும் சந்தையில் கிடைக்கும் சாதாரண ஒட்டுச்செடியின் விலையையும் ஒப்பிட்டு வாங்கும் சிறு விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயம் குறைவே. ஒட்டுக்கத்தியின் வழியே நோய் இன்றும் நடப்பதற்கு அதுவே காரணம்.

நோயுற்ற மரத்தையே காக்கும் முயற்சியும் புதிதன்று. 1970களில் தென்னாப்பிரிக்கர்கள் மரத்தின் தண்டில் துளையிட்டு டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தினர். மரம் சிறிது காலம் தேறியது, மருந்தின் வீரியம் குறைந்ததும் நோய் திரும்பியது, மரத்துக்கு மருந்தே தீங்கும் செய்தது. ஆண்டுதோறும் துளையிடும் செலவும் கட்டுபடியாகாமல் அம்முறை கைவிடப்பட்டது. 2022இல் புளோரிடா மாநிலம், அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்சிடெட்ராசைக்ளினைத் தண்டில் செலுத்த அனுமதி வழங்கியது. பல தோட்டங்களில் பழம் உதிர்வது குறைந்து, சாற்றின் தரமும் உயர்ந்தது. ஊசி போட்ட மரங்களின் துளிர்களிலும் சில்லிட்கள் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 2024-25 பருவத்தில் அம்மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் 1.25 கோடிப் பெட்டிக்கும் கீழே இறங்கியது.